சாண எரிவாயுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அஞ்சு மாடு இருக்கு. தினம் 50 கிலோ சாணி சேருது. எவ்வளவு கேஸ் வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: சொல்லலாம். ஈரச் சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர். உலர்பொருள் 18 சதவீதம் என்றால் 9 கிலோ. அதில் கரிமப் பகுதி 80 சதவீதம், 7.2 கிலோ. வாயு இதிலிருந்துதான் வர வேண்டும். இதில் கிலோவுக்கு அதிகபட்சம் 0.2 கன மீட்டர் மீத்தேன் என்று வைத்தால் 1.44. வாயுவில் மீத்தேன் 60 சதவீதம். ஆக மொத்தம் 2.4 கன மீட்டர். இது உச்சவரம்பு, அவ்வளவும் கைக்கு வராது.

கேள்வி: கைக்கு வருவதை எந்தச் சமன்பாட்டில் பிடிப்பது? இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறேன்.

பதில்: சிதைவு வேக மாறிலியை (சாணம் நாளுக்கு எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று காட்டும் எண்), சாணக் கரைசல் எரிவாயுக் கலனில் தங்கும் நாட்களால் பெருக்குங்கள். வந்த எண்ணை, அதோடு 1 கூட்டிய எண்ணால் வகுங்கள். மாறிலி 0.1, தங்கல் 30 நாள் என்றால் 3-ஐ 4-ஆல் வகுக்க உச்சவரம்பில் 75 சதவீதம், 1.8 கன மீட்டர். கிலோ சாணத்துக்கு 40 லிட்டர் என்ற வழக்கமான கணக்கு 2 தருகிறது, கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பாடத்தில் வரும் அடுக்குக்குறி வாய்ப்பாடு ஒரே தடவை நிரப்பி மூடும் கலனுக்கானது. தினமும் ஊற்றும் கலனுக்கு அதைப் போட்டால் 95 சதவீதம் காட்டும். புதிதாக ஊற்றியதில் ஒரு பங்கு அன்றே வெளியேறிவிடுகிறதே! புராஜெக்ட் அறிக்கைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: எங்களுக்கு ஊட்டிப் பக்கம். குளிருக்கு என்ன மாற்றுவது?

பதில்: மாறிலியை. அது பாதியாகி 0.05 ஆனால் 30 நாளில் 60 சதவீதம்தான். தங்கலை 55 நாளாக்கினால் 73-க்கு ஏறும். நம் நாட்டில் குளிர்ப் பகுதிக் கலன்களுக்கு 55 நாள், வெப்பப் பகுதிக்கு 30 நாள் என்று வகுத்திருப்பது இதனால்தான். கலன் பெரிதாகும், செலவும் கூடும்.

கேள்வி: கோழி எச்சமும் சேர்க்கலாமா?

பதில்: கொஞ்சமாக. நைட்ரஜன் மிகுதி, அமோனியா ஏறினால் மீத்தேன் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிடும். மேலே சொன்ன எளிய கணக்குக்கு அது தெரியாது, வாயு கூடும் என்றே சொல்லும். அமோனியாத் தடையையும் கணக்கில் எடுக்க 2002-இல் வந்த ஏடிஎம்1 (ADM1) என்ற, காற்றில்லாச் சிதைவுக்கான விரிவான கணித மாதிரி வேண்டும்.

கேள்வி: மாறிலியை எங்கே எடுப்பது?

பதில்: உங்கள் சாணத்திலேயே. ஓடிக்கொண்டிருக்கும் கலனின் கரைசலோடு சாணத்தைப் பாட்டிலில் அடைத்து, 35 டிகிரியில் வைத்து, தினசரி வாயுவை அளங்கள். கரைசல் மட்டும் உள்ள இன்னொரு பாட்டிலும் வையுங்கள். அதன் வாயுவைக் கழித்த பிறகே, சேர்ந்துவரும் வாயுவுக்கு வளைகோடு வரையுங்கள். அது எவ்வளவு வேகமாக உச்சத்தை நெருங்குகிறது என்பதிலிருந்து மாறிலி கிடைக்கும்.