ஓடிபி வராமலே டாலரில் பணம் போயிருந்தால்

வணக்கம் நண்பரே. உங்கள் கார்டிலிருந்து நள்ளிரவில் முதலில் ஒரு சின்னத் தொகை, அப்புறம் பெரிய தொகை, இரண்டும் டாலரில், ஓடிபியே வரவில்லை என்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. பல வெளிநாட்டுத் தளங்களில் கார்டு எண்ணும் சிவிவியும் (கார்டிலேயே அச்சிட்டிருக்கும் ரகசிய எண்) இருந்தாலே போதும். அந்தச் சின்னத் தொகை, கார்டு வேலை செய்கிறதா என்று திருடன் பார்த்த சோதனை.

"ஸ்டேட்மென்ட் வரட்டும்" என்று வங்கியில் சொன்னதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, நீங்களோ வங்கியோ காரணமில்லாத மோசடியை, பணம் போனதாக வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். அதைத் தாண்டினால் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டியதும் வங்கியின் கடமை.

இப்போதே கார்டை பிளாக் செய்யுங்கள். மின்னஞ்சலிலும் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். வெறும் போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழையுங்கள். 30 நாளில் வங்கியிடமிருந்து சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், கட்டணமில்லை.

புது கார்டு வந்ததும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் அணைத்து வையுங்கள்.