"எல்லாம் போட்டே தர்றேன் மேடம்": கிராக், திருட்டுப் பிரதி, பாட்டு உரிமம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் 19,500 ரூபாய்க்கு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ், எம்எஸ் ஆபீஸ், போட்டோஷாப் "எல்லாம் போட்டே தர்றேன் மேடம்" என்றார் கடைக்காரர். ஆறு மாதம் ஓடியது. இப்போது திரையின் ஓரத்தில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று வந்து நிற்கிறது. கேட்டால், "500 ரூபாய் கொடுங்க, மறுபடி ஏத்தித் தர்றேன்" என்கிறார். நான் திருட்டுப் பொருள் வாங்கியவளா? அவர்மேல் புகார் கொடுக்க முடியுமா?
— டியூஷன் ஆசிரியை, பெரம்பூர்

பதில்: அது சரியாக ஆறு மாதத்தில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு மொத்தமாக விண்டோஸ் வாங்கும்போது, தங்கள் சர்வர் மூலம் அவற்றை ஆக்டிவேட் செய்யும் முறை ஒன்று உண்டு. கேஎம்எஸ் என்பார்கள். அதன் ஆயுள் 180 நாள். அதற்குள் புதுப்பித்துக்கொண்டே வரவேண்டும். கடைகளில் போடும் கிராக்குகளில் (காசு கட்டாமலே மென்பொருளை ஓடவைக்கும் பூட்டு உடைப்புகள்) பல, இந்த சர்வரைப் போல நடிக்கும் ஒரு சின்ன புரோகிராம்தான். உங்களுடையதும் அந்த ரகமாக இருந்தால், அவர் கேட்கும் 500 ரூபாய் ரிப்பேர் கூலியே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கட்டப்போகும் வாடகை. அதுவும் அவருக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு!

இன்னொரு வேடிக்கை. உங்கள் லேப்டாப்பிலேயே ஒரிஜினல் உரிமம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, கம்பெனியில் விண்டோஸோடு தயாராகி வரும் லேப்டாப்களில் அந்த உரிம எண்ணை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். ஹோம் பதிப்புக்கான எண் இருக்கும் மெஷினில் கடைக்காரர் அவசரமாக புரோ பதிப்பை ஏற்றியிருந்தால், அந்த எண் பயன்படாமல் கிடக்கும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விண்டோஸை நேரடியாக இறக்கி, மெஷினோடு வந்த பதிப்பையே சுத்தமாக ஏற்றி, நெட்டில் இணைத்துப் பாருங்கள். தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டால் ஒரு காசு செலவில்லை. அதற்குமுன் உங்கள் ஃபைல்களை பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஆகாவிட்டாலும் அந்தக் கிராக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். உள்ளே வேறு என்ன வந்து உட்கார்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதே மெஷினில் பேங்க் கணக்கும் பார்ப்பீர்கள். டியூஷன் வேலைக்கு, எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் தாராளமாகப் போதும். போட்டோஷாப்பை நீங்கள் கேட்கவே இல்லை, எடுத்துவிடுங்கள்.

நீங்கள் குற்றவாளியா? 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் "தெரிந்தே" பயன்படுத்துபவரைத்தான் பிடிக்கிறது. நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது. இன்று தெரியும். அந்த 500 ரூபாயைக் கொடுத்தால் கதை மாறிவிடும்.

புகாரைப் பொறுத்தவரை, பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் விண்டோஸ் என்று ஒரு வார்த்தை இருந்தாலும் உங்கள் பக்கம் பலம்தான். பில் இல்லை என்றால் பணம் கட்டிய ஜிபே விவரமும், "500 கொடுங்க" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் ஏதாவது இருந்தால் அதுவும் சாட்சி. (ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து நியாயம் கேட்பவர்களின் கடிதங்களே என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது.) "ஒரிஜினல் உரிமம் கொடுங்கள், அல்லது விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் ரொம்ப வருஷமாக டிசைனிங் சென்டர் நடத்துகிறேன். கல்யாண ஆல்பம், பத்திரிகை, பேனர். போட்டோஷாப், கோரல் எல்லாம் கிராக்தான். எங்கள் தெருவில் காசு கொடுத்து வாங்கினவர் யாருமில்லை. நான் எப்படியும் வாங்கப்போவதில்லை என்கிறபோது அமெரிக்கக் கம்பெனிக்கு என்னால் என்ன நஷ்டம்? அது கிடக்கட்டும். என்னிடம் வேலை பார்த்த பையன், நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த ஆல்பம் டெம்ப்ளேட்டுகளை ஹார்ட்டிஸ்கோடு அள்ளிப்போய் பக்கத்துக் கடையில் சேர்ந்துவிட்டான். அவர்கள் அதை வைத்தே பாதி ரேட்டுக்கு ஆல்பம் போடுகிறார்கள். என்ன நடவடிக்கை எடுக்கலாம்?
— டிசைனர், திருவல்லிக்கேணி

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை வலிக்க வைப்பது அதுதான். நீங்கள் உருவாக்கிய டிசைனுக்குக் காப்புரிமை உங்களுடையது. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், நீதிமன்றத் தடை கேட்கலாம், 63-வது பிரிவில் போலீஸ் புகாரும் கொடுக்கலாம். ஃபைல்கள் உருவான தேதி, பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள்.

ஆனால் பக்கத்துக் கடைக்காரரின் வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி எது தெரியுமா? "இந்த டெம்ப்ளேட்டை எந்த மென்பொருளில் செய்தீர்கள்? அதற்கு பில் இருக்கிறதா?" உங்கள் உரிமை அதனால் அற்றுப்போய்விடாது. ஆனால் புகார் கொடுக்கப் போன இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்துக் கடைக்காரரும் உங்களைப் போலவே, "நான் எப்படியும் அவரிடம் டெம்ப்ளேட் வாங்கியிருக்கப் போவதில்லையே, அவருக்கு என்ன நஷ்டம்" என்று சொல்லலாம். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?

உங்கள் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு கிராக்கையும் விற்பனையாகாமல் போன ஒரு பெட்டி என்று கம்பெனிகள் கணக்குப் போடுவது மிகை. வீட்டில் உட்கார்ந்து போட்டோவில் மீசை வரைந்து விளையாடும் பையன் கிராக் கிடைக்காவிட்டால் 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிடப் போவதில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பையன் இல்லை. தினமும் காலை கடையைத் திறந்து அதே மென்பொருளில் வேலை செய்து பில் போடுகிறீர்கள். சட்டமும் இங்கேதான் கோடு போட்டிருக்கிறது. 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவர் என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட்டுவிடலாம். உங்கள் கடை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்கள். அமெரிக்கக் கம்பெனிக்கு அதிகமில்லை என்றே வைத்துக்கொள்வோம். சொல்லப்போனால் லாபம்கூட உண்டு. கிராக் ஓசியில் கிடைப்பதால்தான் தெருவில் வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் போட்டோஷாப் மட்டுமே கற்றுக்கொண்டு வருகிறார்கள். நாளைக்கு ஒருவன் பெரிய ஸ்டூடியோவில் சேர்ந்தால் அங்கே காசு கொடுத்து அதையேதான் வாங்குவார்கள். அடிபடுவது இலவச மென்பொருள்கள். ஜிம்ப், இன்க்ஸ்கேப், க்ரிட்டா, ஸ்க்ரைபஸ் என்று எத்தனையோ இருந்தும் திருவல்லிக்கேணியில் தொடுவாரில்லை. உரிமம் வாங்கித் தொழில் செய்பவரும் அடிபடுகிறார், உங்கள் ரேட்டுக்கு அவரால் ஆல்பம் போட முடியாது. தெருவில் அப்படி ஒருவர்கூட இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? ஆல்பத்துக்கு போட்டோ லேப்கள் சாதாரண ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை) ஜேபெக்கையே வாங்கிக்கொள்கின்றன, அதற்கு ஜிம்ப் போதும். ஆப்செட்டுக்குப் போகும் பத்திரிகைக்கு சிஎம்ஒய்கே (அச்சு மைக்கான நான்கு நிற முறை) வேண்டும், அங்கே ஜிம்ப் இடறும். பக்கத்தை ஸ்க்ரைபஸில் கட்டினால் சிஎம்ஒய்கே பிடிஎஃப் கிடைக்கும். பழைய பேஜ்மேக்கர் கால எழுத்துருக்களை விட்டு யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். கவிவனார், மீரா இனிமை, பவனம், முக்தா மலர் ஆகியவை தொழிலுக்கே இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை. கை பழக ஒரு சீசன் ஆகும், அதை மறைக்கவில்லை.

போட்டோஷாப்தான் வேண்டும் என்றால் முகூர்த்த மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டலாம். ஆனால் ஒரு பொடிவைத்த இடம் உண்டு. "வருடத் திட்டம், மாதாமாதம் கட்டணம்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் நிறுத்தினால் அபராதம் பிடிப்பார்கள். அந்த அபராதத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று அமெரிக்க அரசே 2024 ஜூனில் அடோபி மேல் வழக்குப் போட்டது. விலை கொஞ்சம் கூடினாலும், எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளும் திட்டமா என்று பார்த்து எடுங்கள். அவர்களிடம் நேர்மையாக வாங்கப் போகும்போதும் ஏமாறாமல் வாங்கவேண்டுமே.

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் படிக்கும் மகன் ஆட்டோகேட் கிராக் போட்டிருக்கிறான். "படிக்கத்தானேப்பா" என்கிறான்.
— குரோம்பேட்டை வாசகர்

பதில்: படிக்கத்தான் என்றால் திருடவே வேண்டாம். கல்லூரி மாணவர் என்று நிரூபித்தால், ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஒரு வருட உரிமத்தை இலவசமாகத் தருகிறது, படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் பி.காம் படிப்பவர் இருந்தால், கணக்கு மென்பொருளான டேலியிலும் கற்றுக்கொள்வதற்கான இலவச முறை உண்டு. மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும், பழக அது போதும்.

கேள்வி: கிளாம்பாக்கத்தில் மதுரைக்கு ஏறிய ஆம்னி பஸ்ஸில் அந்த வாரம் ரிலீஸான படத்தைப் போட்டார்கள். தியேட்டரில் எவனோ செல்லில் எடுத்தது. நடுவில் ஒருவர் எழுந்து போகும் தலைகூடத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் பார்த்தேன். தப்பா?
— தாம்பரம் வாசகி

பதில்: தூக்கம் கெட்டதைத் தவிர நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு பஸ்காரருடையது. உங்களிடம் டிக்கெட் காசு வாங்கிக்கொண்டு, "படம் உண்டு" என்று விளம்பரமும் செய்துவிட்டு, படமெடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் ஓட்டுகிறார். 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் ஆடிட் செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அது கொஞ்சம் மிகை என்பது என் அபிப்பிராயம். பர்மா பஜாரில் சிடி விற்ற பையன் உள்ளே போனான், மாஸ்டர் பிரின்ட்டை வெளியே விட்டவன் போனதாக அதிகம் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் செய்யக்கூடியது, புக் செய்த ஆப்பில் பஸ் நம்பரோடு இதை எழுதுவது. பஸ் முதலாளிகள் போலீஸைவிட ரேட்டிங்குக்குப் பயப்படுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் 200-க்கு மேல் கேசட் இருக்கிறது. டேப் போகுமுன் எம்பி3-யாக மாற்றலாமா? நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
— ஓய்வுபெற்றவர், மயிலாப்பூர்

பதில்: காசு கொடுத்து வாங்கியதை உங்கள் காதுக்காக மாற்றிக்கொள்ளுங்கள் சார். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் சட்டமே இடம் தருகிறது. பென்டிரைவில் மொத்தமாக ஊருக்கே வழங்குவது வேறு விஷயம். மிகப் பழைய பதிவுகளுக்கு 60 ஆண்டு கடந்திருந்தால் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்கும். ஆனால் பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு ஓடும். கச்சேரிகளைக் கேட்க மட்டும் வேண்டுமானால் மியூசிக் அகாடமியில் டிஜிட்டல் ஒலி ஆவணக் காப்பகம் இருக்கிறது, உங்களுக்கு நடக்கும் தூரம்தான்.

கேள்வி: மகள் ரிசப்ஷனுக்கு மண்டபத்தில் சினிமா பாட்டு போட "மியூசிக் லைசென்ஸ்" என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். திருட்டுத்தனம் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கட்டவேண்டுமா?
— வடபழனி வாசகர்

பதில்: கட்டவேண்டாம். காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது என்றும், கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றச் சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்றும் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை (டிபிஐஐடி) இதையே பொது அறிவிப்பாகவும் வெளியிட்டது. அந்த அறிவிப்பை பிரின்ட் எடுத்து மேனேஜரிடம் காட்டுங்கள். அப்படியும் கேட்டால், எந்த அமைப்பின் பெயரில் வசூலிக்கிறார்கள் என்று குறிப்பிட்டு ரசீது கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே "சரி விடுங்க சார்" என்றுவிடுவார்கள். மீதிப் பேரிடம் கட்டினால், ரசீதோடு 1915-க்குப் பேசுங்கள். இதே மண்டபத்தில் டிக்கெட் போட்டு நியூ இயர் பார்ட்டி நடத்தினால் இந்தச் சலுகை கிடையாது, அப்போது உரிமம் வாங்கித்தான் ஆகவேண்டும்.