தம்பி தானாகவே சொன்னானா?

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எழுத்தாளராக வேண்டும் என்பது என் கனவு. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் படைப்பெழுத்துக்கென்றே பி.ஏ. இருக்கிறது. இடமும் கிடைத்துவிட்டது. விடுதியோடு சேர்த்து மூன்று வருஷத்துக்கு 12 லட்சம் ஆகும். அப்பா மில்லில் ஃபிட்டர், சம்பளம் 26,000. கல்விக் கடன் வாங்கலாம் என்கிறார். அம்மாவுக்குப் பயம். தம்பியும் அரசுப் பள்ளிதான், பத்தாவதில் 458 எடுத்திருக்கிறான். அவன் தானாகவே பாலிடெக்னிக் போதும் என்று சொல்லிவிட்டான், அதனால் அவனுக்குச் செலவு அதிகம் இல்லை. இந்தப் படிப்புக்குப் போடும் பணம் திரும்ப வருமா அம்மா? மழை பற்றி நான் எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன்.
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

வராது.

நீ கேட்டது இவ்வளவுதான் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கியில் வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது பிணை கேட்பார்கள். 12 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 12,900 ரூபாய் கட்ட வேண்டும். நீ படிக்கிற காலத்து வட்டி தனி. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். கடைசித் தவணை கட்டும்போது உனக்கு 37 வயது ஆகியிருக்கும். புத்தகம் எழுதிக் கட்டிவிடலாம் என்று நினைத்தால் அதையும் பார். 200 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால், முதல் புத்தகத்துக்கு அது நல்ல விற்பனை, மொத்தம் 10,000. ஒரு மாதத் தவணைக்கே பற்றாது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டுதான் எழுதினார். கல்லூரிப் படிப்பே இல்லாத கி.ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. எழுதுகிறவர்களுக்குச் சோறு வந்த வழி பெரும்பாலும் வேறு.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருஷா வருஷம் ஜூன் மாதம் வரும். வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவேன். உன் கடிதத்தில் மட்டும் ஒரு வரி என்னை விடவில்லை. "அவன் தானாகவே பாலிடெக்னிக் போதும் என்று சொல்லிவிட்டான்."

தானாகவேயா?

ஏம்மா, 458 மார்க் எடுத்த பதினைந்து வயதுப் பையன் தானாகவே "போதும்" என்பானா? "வேணும்" என்று சொல்கிற வயசு அது. பாலிடெக்னிக் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்துவிட்டு நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் ஏராளம். நான் கேட்பது அந்தப் "போதும்" எங்கிருந்து வந்தது என்று. செலவு குறையும் என்று நீ எழுதியிருக்கிறாய். அரசுப் பள்ளியில் பதினொன்றாவது சேர்ந்தால் செலவு அதைவிடக் குறைவு, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்புறம் ஏன் பாலிடெக்னிக்? டிப்ளமோ மூன்று வருஷம். உன் பி.ஏ.வும் மூன்று வருஷம். அவன் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷத்தில் உன் தவணை ஆரம்பிக்கிறது. அந்தப் பையன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். அது உன் கண்ணில் படவில்லை.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல், சட்டம், வேளாண்மைப் படிப்புகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். பொறியியலில் அந்த இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பத்தாவதோடு பள்ளியை விட்டால் அந்த உரிமை போச்சு. உனக்காக அவன் எதை விடுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

எனக்கு இந்தப் "போதும்" பழக்கமானது. என் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் "எனக்குப் படிப்பு ஏறாது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் காலேஜுக்குப் போனேன். இருபது வருஷம் அதை நம்பினேன். அவளுடைய பழைய மார்க் ஷீட் ஒரு நாள் கையில் கிடைத்தபோதுதான் அவள் என்னைவிட அதிகம் வாங்கியிருந்தது தெரிந்தது. நம் வீடுகளில் பெண்பிள்ளைகள்தான் இப்படிச் சொல்லி ஒதுங்குவார்கள். உன் வீட்டில் பையன் ஒதுங்குகிறான் என்பதற்காக அது நியாயமாகிவிடாது. மூத்தவளாகப் பிறந்தால் முதல் இடம் உனக்குத்தான், சரி. பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்கிற வேலையும் உனக்குத்தான். உன் அப்பாவையும் சும்மா விட மாட்டேன். கடனுக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறவர் மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

எழுத்தாளராகப் போகிறாய். ஒரே கூரைக்குக் கீழே படுத்திருக்கிறவன் சொன்ன ஒரு வரிக்கு அர்த்தம் பிடிபடவில்லை. 12 லட்சம் வாங்கிக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகம் இதைக் கற்றுத் தந்துவிடுமா?

படிக்காதே என்று சொல்லவில்லை. மதுரையில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.ஏ. ஆங்கிலமோ தமிழோ எடு. வருஷத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். ஆறாவதிலிருந்தே நீ அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு டவுன் பஸ்ஸில் போகலாம், உனக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு மொழியையும் ஒழுங்காகப் படித்தால் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும். பி.எட். சேர்த்தால் டீச்சர் வேலைக்கும் போட்டி போடலாம். இடையில் எழுது. யார் தடுத்தார்கள்?

இன்றைக்கு ராத்திரி தம்பியை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. அம்மா அப்பா வேண்டாம். பதினொன்றாவதில் எந்த குரூப் எடுக்க ஆசைப்பட்டான் என்று கேள். முதலில் "ஒண்ணுமில்லக்கா" என்பான். பேசாமல் உட்கார்ந்திரு. அவன் சொன்னதை அவன் பேசிய மாதிரியே, நீ ஒன்றும் சேர்க்காமல், இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. பள்ளியில் சேர்க்கை முடிவதற்குள் செய்.

மழைக் கட்டுரையைப் படித்துவிட்டேன். இன்னொரு பிரதி வேண்டாம்.