ஹாம்ஸ்டர் குட்டி போட விடலாமா?

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் போன மாதம் இரண்டு சிரியன் ஹாம்ஸ்டர் வாங்கினோம். ஒன்று ஆண், ஒன்று பெண் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. நிறமும் ஒன்றுதான், வெள்ளை உடம்பில் பழுப்பு முடி தூவியது போல இருக்கும். வயது நான்கு மாதம் இருக்கலாம். ஒரே கூண்டில்தான் வைத்திருக்கிறோம், இரவில் அவ்வப்போது சண்டை போடுகின்றன. ஒரே ஒரு தடவை குட்டி போட விடலாமா? மகள் ரொம்ப ஆசைப்படுகிறாள். குட்டிகளைத் தோழிகளுக்குக் கொடுத்துவிடலாம், மிஞ்சினால் கடையில் விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர்.
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: குட்டி விஷயம் அப்புறம். முதலில் இரண்டையும் இன்றைக்கே பிரித்து வையுங்கள். நாளை கூண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். காற்றோட்டமுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா இன்றிரவுக்குப் போதும். சிரியன் ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி. வளர்ந்த இரண்டு ஒரே கூண்டில் இருந்தால் நீங்கள் கேட்கும் சண்டை ஒரு நாள் காயத்தில் முடியும், சில சமயம் சாவிலும். பெரும்பாலும் அடி வாங்குவது ஆண்தான், பெண் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

பிரிக்கும்போது கையோடு பின்புறத்தைப் பாருங்கள். ஆணுக்கு வாலடியில் விதைகள் புடைத்து, உடம்பு அங்கே நீண்டு தெரியும். பெண்ணுக்கு மலத்துளையும் பிறப்புறுப்புத் துளையும் நெருக்கமாக இருக்கும், வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்புகள் தெரியும். கடையில் சொல்லும் ஆண் பெண் கணக்கை நம்ப வேண்டாம். தவறாகச் சொல்வது மிகச் சாதாரணம். இரண்டும் ஒரே பாலாக இருந்தால் கேள்வியே முடிந்தது. நிஜமாகவே ஜோடி என்றால், பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். நான்கு நாளைக்கு ஒரு முறை அதற்குச் சினைப்பருவம் வரும், 16 நாளில் குட்டி போட்டுவிடும். பாலூட்டிகளில் இவ்வளவு குறுகிய சினைக்காலம் அபூர்வம். கடைசி சில நாள் வரை வயிறு தெரியாது என்பதால், பிரித்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்து 18 நாள் காத்திருங்கள்.

இனி உங்கள் கேள்வி. என் பதில்: வேண்டாம். உங்கள் விஷயத்தில் முக்கியக் காரணம் நிறம்தான்.

நீங்கள் சொல்லும் நிறத்தை 'ரோன்' என்பார்கள். படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விவரிப்பு அப்படியே பொருந்துகிறது. இந்த நிறத்தைத் தரும் மரபணு ஒரு பிரதி இருந்தால் அழகான முடி, வேறு தொல்லை இல்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் ஒரு குட்டிக்குச் சேர்ந்துவிட்டால், அது கண் இல்லாமலோ, கண் வளராமலோ பிறக்கும், உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும். இரண்டு ரோன்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இந்த நிலை. எட்டுக் குட்டி பிறந்தால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையில்லாத ஹாம்ஸ்டரை நன்றாக வளர்க்க முடியும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் தோழி யார்? இதே மரபணு பொன்னிற ஹாம்ஸ்டரிலும் இருக்கும். அங்கே வயிறு மட்டும் வெள்ளையாகத் தெரியும், பலர் கவனிக்கவே மாட்டார்கள். விஷயம் தெரிந்து வளர்ப்பவர்கள் ரோனையும் வெள்ளை வயிற்றுக்காரரையும் தங்களுக்குள் ஒருபோதும் சேர்க்க மாட்டார்கள். கடைப் பெட்டிக்குள் அந்தக் கவனம் கிடையாது.

அடுத்தது, ஒரே பெட்டி என்கிறீர்கள். அண்ணன் தங்கையாகவே இருக்கலாம். இந்தப் பிராணிக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்பட வேண்டிய விஷயம். 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். இன்று உலகம் முழுக்க வீடுகளிலும் ஆய்வகங்களிலும் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வளையின் வாரிசுகள்தான். பெட்டியில் போட்டவுடன் அந்தத் தாய், தன்னிடம் ஊர்ந்து வந்த முதல் குட்டியைக் கடித்துக் கொன்றது என்பதும் அந்தக் கதையில் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன். ஏற்கெனவே ஒரே குடும்பமாக இருக்கும் இனத்தில், பொறுப்பாக வளர்க்க நினைப்பவருக்குச் சில தலைமுறைகளின் விவரமாவது கையில் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி எத்தனை வயது வாழ்ந்தார்கள், எதனால் செத்தார்கள், கடிக்கும் குணமா, சாதுவா என்பதெல்லாம் தெரிய வேண்டும். கடையில் வாங்கியதற்கு இதில் ஒன்றுமே தெரியாது.

தோழிகளுக்குக் கொடுப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக் குட்டி சாதாரணம், பன்னிரண்டும் போடும். நான்காவது வாரத்தில் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் பிரித்தே ஆக வேண்டும். ஐந்து வாரத்திலேயே உடன்பிறந்த பெண்ணைச் சினையாக்கும் வயது வந்துவிடும். எட்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. எட்டு வீடு கிடைக்கும் வரை எட்டுக் கூண்டு, எட்டுத் தண்ணீர் பாட்டில், எட்டையும் சுத்தம் செய்வது அனேகமாக நீங்கள்தான். குட்டியைப் பார்த்ததும் "எனக்கு ஒன்று" என்று எல்லாக் குழந்தைகளும் சொல்லும். அவர்கள் அம்மாக்கள் சொல்வதுதான் கணக்கில் வரும். நான் தெரிந்தவர்களிடம் சொல்வது: குட்டிக்கு ஆள் தேடாதீர்கள், முதலில் ஆள் இருந்தால்தான் ஜோடி சேர்ப்பதையே யோசிக்க வேண்டும். அதுவும் ஒருவரே ஒரு கூண்டுக்கு இரண்டு கேட்டால் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் தாண்டி பிரசவம். முதல் பிரசவம் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடந்தால் நல்லது, அதன் பிறகு சிக்கல் அதிகம். குட்டி பாதியில் நின்றால் அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படலாம். ஹாம்ஸ்டர் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா, இரவில் எடுப்பாரா என்று இப்போதே போன் போட்டுக் கேட்டுவையுங்கள். குட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அந்த நம்பர் உதவும்.

சரி, ஏற்கெனவே சினை என்றால் என்ன செய்வது? பதற வேண்டாம். கம்பித் தரை இருந்தால் எடுத்துவிட்டு, தரையில் ஆழமாகக் காகிதப் படுகை போடுங்கள். கூடு கட்ட வாசனையில்லாத டிஷ்யூவைக் கிழித்துப் போட்டால் போதும். கடையில் விற்கும் பஞ்சு கூடாது, நூல் குட்டியின் காலைச் சுற்றி இறுக்கிவிடும். வழக்கமான தீவனத்தோடு வெந்த முட்டை ஒரு சின்னத் துண்டு, உப்புப் போடாத வெந்த கோழி இவற்றைக் கொடுங்கள். தண்ணீர் தீரவே கூடாது. உங்கள் ஊர் வெயிலில் இதைவிட முக்கியம் வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் ஹாம்ஸ்டர் தவிக்கும். வீட்டிலேயே குளிர்ந்த அறை எதுவோ அங்கே வையுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்புறம் ஒட்டி வைக்கலாம்.

குட்டி பிறந்தபின் இரண்டு வாரம் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள், குட்டிகளைத் தொடாதீர்கள், தோழிகளைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். அலெப்போ தாய் செய்ததைப் பயந்த எந்தத் தாயும் செய்யும். கூட்டை விட்டு வெளியே வந்த குட்டியை அதுவே தூக்கிப் போய்விடும். சில நேரம் ஆபத்து என்று நினைத்தால் குட்டிகளைக் கன்னப் பைக்குள் அடைத்துக்கொள்ளும். பார்த்தால் தின்றுவிட்டது என்றே தோன்றும், கலவரப்பட்டுக் கையை விடாதீர்கள். மகளுக்கு இந்த இரண்டு வாரம்தான் கஷ்டம். 14 நாள் வாக்கில் குட்டிகள் கண் திறந்து தாங்களே வெளியே வரும், அப்புறம் பார்க்கட்டும்.

உங்கள் கணவரின் யோசனைக்கு ஒரு வார்த்தை. 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகளில் ஹாம்ஸ்டரும் சேர்ந்திருக்கிறது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஆன்லைனில் விற்றாலும் அப்படித்தான். கடைக்காரரிடம் கொடுத்தால் அந்தக் குட்டிகள் மறுபடி அதே பெட்டிக்குள்தான் போகும், உங்களைப் போல ஒருவர் அதிலிருந்து 'ஜோடி' வாங்கிப் போவார்.

குட்டிக்கு ஆகும் செலவை இரண்டாவது கூண்டில் போடுங்கள். தரை குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் இருக்கட்டும். உள்ளே ஓடும் சக்கரம் 28 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல், கம்பி இடைவெளி இல்லாத வழவழப்பான ஓடுதளத்தோடு இருக்க வேண்டும். கடையில் கூண்டோடு சேர்த்துத் தரும் சின்னச் சக்கரம் சிரியனுக்கு முதுகை வளைத்துவிடும்.