கேளுங்கள், சொல்கிறேன்: திருக்கையும் அதன் வாலும்

கேள்வி: லண்டனில் இருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். மச்சான் சின்ன போட்டில் திருக்கை வலை இழுக்கப் போகிறான், "நீயும் வாவன்" என்கிறான். மனைவி வேண்டாம் என்கிறார். போகலாமா? (காரைநகர் வாசகர்)

பதில்: போங்கள். ஆனால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். நான் முதல்முறை இறப்பர் செருப்போடு போனவன், அதன் பலனைக் கீழே படியுங்கள்.

விடிய நாலு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். வலையை முதல்நாள் பின்னேரமே போட்டிருப்பார்கள். கடலடியில் கிடக்கிற பெரிய கண் வலை, இரண்டு தலைப்பிலும் கல், மேலே கொடி கட்டிய மிதப்பு. கோவளம் வெளிச்சவீடு பின்னால் சிறுத்துக்கொண்டே போகும். இது ஆழமில்லாத கடல், வலை கிடக்கிற இடத்தில் ஐந்தாறு பாகம் (ஒரு பாகம் ஆறடி) இருந்தால் பெரிய விஷயம். கொடியைக் கண்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டு இழுக்கத் தொடங்குவார்கள், அரை மணித்தியாலத்துக்குப் பாசியும் சிப்பியும் இரண்டு நண்டும்தான் வரும், உங்களுக்கு அலுத்துப்போய்க் கொட்டாவி வரும், அந்த நேரம் பார்த்து வலை கனக்கும். மற்ற மீன் என்றால் துடிப்பு கைக்குத் தெரியும். திருக்கை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், நனைந்த சாக்கொன்றைக் கிணற்றுக்குள் இருந்து தூக்குகிற மாதிரி. மேலே வரும்போது வெள்ளை வயிறு தெரிந்தால் பாருங்கள், வாயும் ஐந்து சோடிச் செவுள் வெட்டும் சேர்ந்து ஏதோ சிரிக்கிற முகம் போல இருக்கும். கண் மறுபக்கம், முதுகில்.

இந்த இடத்தில் போட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருவர் கொளுக்கி போட்டு இழுக்க, மற்றவர் வாலைக் கட்டையால் அமத்திப்பிடித்து முள்ளை வெட்டி எடுப்பார். முள் வால் நுனியில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உடம்புக்குக் கிட்ட, வாலின் மேல்பக்கத்தில் இருக்கிறது, இரண்டு கரையிலும் வாள்ப்பல், பல்லெல்லாம் பின்னோக்கிச் சரிந்திருப்பதால் குத்தும்போது சுலபமாக இறங்கி இழுக்கும்போது சதையைக் கிழிக்கும். மீன் செத்தாலும் முள்ளில் விஷம் இருக்கும். மச்சான் அதைக் கடலுக்குள் எறியும்வரை இருந்த இடத்தை விட்டு எழும்பாதீர்கள்.

சரி, என் கதை. பெரிய திருக்கை மூன்றும் முள் போய்க் கிடந்தன, என் கண் முழுக்க அவற்றில்தான். வலைக் குவியலுக்குள் சாப்பாட்டுக் கோப்பையளவு குஞ்சு ஒன்று கிடந்ததை ஒருவரும் காணவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே முள்ளுக்கம்பி கீறினது போல இருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் நோ தொடைவரை ஏறி, வெட்கத்தை விட்டுக் கத்தினேன். கரைக்கு ஒரு மணித்தியால ஓட்டம். கூட வந்த அண்ணை ஒன்றும் பேசாமல் பிளாஸ்க்கைத் திறந்து, பிளேன்டீ முழுவதையும் தண்ணீர் இறைக்கிற வாளியில் ஊற்றி, கொஞ்சம் கடல்நீர் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, என் காலைப் பிடித்து அதற்குள் வைத்தார். சீனி போட்ட தேத்தண்ணி. நோ குறைந்தது. மற்ற இரண்டு பேரும் காலைத் தேத்தண்ணி போன கவலையில் கரை வரும்வரை என்னோடு கதைக்கவில்லை.

கேள்வி: திருக்கை குத்தினால் சுண்ணாம்பு பூசினால் போதும் என்கிறார் மாமி. சரியா? (பருத்தித்துறை)

பதில்: சுண்ணாம்பை வெற்றிலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும். 45 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருக்க வேண்டும். சூட்டை வேறொருவர் கையால் பார்க்க வேண்டும், நோவில் இருப்பவருக்குத் தோல் வேகிறதும் தெரியாது. அப்புறம் ஆசுபத்திரி: உள்ளே முள் துண்டு முறிந்திருக்கலாம், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் போட வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நிற்கிற முள்ளை மட்டும் இழுத்துவிடாதீர்கள், அப்படியே கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: சந்தையில் வாங்கிய திருக்கை சட்டியில் மூத்திர மணம் மணக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (கொக்குவில்)

பதில்: பாதி ஏமாற்று. உப்புத்தண்ணீரைச் சமாளிக்கத் திருக்கையும் சுறாவும் உடம்பில் யூரியாவை வைத்திருக்கின்றன. செத்தபின் கிருமிகள் அதை அமோனியா ஆக்கும். பிடித்த உடனே இரத்தம் போகவிட்டு, குடல் எடுத்து, ஐஸில் போட்டால் மணம் வராது. வெயிலில் கிடந்ததுதான் உங்களுக்கு வந்திருக்கிறது. இலேசான மணம் என்றால் புளித்தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். மூக்கில் ஏறினால் பூனைக்கும் வேண்டாம். நல்லதாகக் கிடைத்தால் மஞ்சள் போட்டு அவித்து, தோலையும் குருத்தெலும்பையும் நீக்கி உதிர்த்து, தேங்காய்ப்பூவும் முருங்கையிலையும் சேர்த்து வறை வறுங்கள். மிச்சம் ஒரு துண்டைக் கூழுக்கு எடுத்து வைக்கலாம்.

கேள்வி: வயிற்றில் குஞ்சோடு வருகிற திருக்கையைத் திரும்ப விடவேண்டாமா? (ஊர்காவற்றுறை)

பதில்: விடவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இது மற்ற மீன்போல இலட்சக்கணக்கில் முட்டை போடுகிற சாதி இல்லை. உயிரோடு குஞ்சு போடும், அதுவும் ஒரு தடவைக்குச் சிலதுதான். இதை அந்த அண்ணையிடம் சொன்னேன். "நீ சொல்லுறது சரி தம்பி, வலைக்காசு ஆர் தாறது?" என்றார். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடியை இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்தும், அக்கரையில், இந்தியாவில் இருந்து வருகிற இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அவரிடம் மேலே பேச எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: அம்மப்பா சவுக்காக வைத்திருந்த திருக்கை வால் வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது? (நல்லூர்)

பதில்: முள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பழைய இடத்திலேயே, கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். என் முதுகுக்கு அதை நன்றாகத் தெரியும்.