தெர்மாமீட்டர் காட்டும் நாள், தவறவிட்ட நாள்

கேள்வி: எனக்கு வயது 31. மாரத்தஹள்ளியில் இருக்கிறோம். எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். தினமும் காலையில் சூடு பார்த்துக் குறித்து, அது ஏறும் நாளில்தான் சேர்கிறோம். இன்னும் தங்கவில்லை. மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். ரத்தம் கொடுக்கப் போன லேபில் ஒருவர், ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் குழந்தை) பேக்கேஜ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: போக வேண்டாம். முதலில் நாளைச் சரிசெய்யுங்கள்.

கருமுட்டை வெளியேறிய பிறகுதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, உடம்பின் சூட்டை அரை டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு ஏற்றுகிறது. முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். நீங்கள் ஏற்றத்தைப் பார்க்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். விந்தணு உள்ளே 5 நாள் வரை தாங்கும். அதனால் ஏற்றத்துக்கு முந்தைய ஐந்தாறு நாட்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுக்கி, நூலாக இழுபட்டால் அந்த நாட்கள் வந்துவிட்டன என்று அர்த்தம். இதற்குக் காசு செலவில்லை.

சார்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதம் குறித்தால் ஏற்றம் எத்தனையாவது நாளில் வருகிறது என்று பிடிபடும். அடுத்த மாதம் அதற்கு ஆறு நாள் முன்பே தொடங்குங்கள்.

இரவு ஷிஃப்ட் விஷயம் கொஞ்சம் சிக்கல். உடம்பின் சூடு தூக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த வாரத்தில் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கி எழுந்ததும், மதியம் இரண்டு மணியானாலும் சரி, கட்டிலை விட்டு இறங்குமுன் பாருங்கள். அந்த எண்களைச் சுற்றி வட்டம் போடுங்கள், மற்ற நாட்களின் கோட்டோடு சேர்க்காதீர்கள். பகல் வேலைக்குத் திரும்பிய முதல் இரண்டு மூன்று நாட்களையும் நம்ப வேண்டாம். ஷிஃப்ட் மாறிய அன்றே சூடு ஏறினால் அது முட்டையா தூக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது வெள்ளைப்படுதலைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது அந்த லேப் ஆள். பெரும்பாலும் இவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். மாதத் தவணை என்று சொல்லி அன்றைக்கே முன்பணம் கேட்பார்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐ.வி.எஃப். மையம் பதிவு செய்திருக்க வேண்டும். என்றைக்காவது போக நேர்ந்தால் முதலில் அந்தச் சான்றைக் கேளுங்கள். கடன் வாங்கி முன்பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கோப்பு இரண்டு விரல் தடிமன். அத்தனையும் மனைவியின் ரிப்போர்ட். கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை! எத்தனை ஆண்டாகச் சொல்லியும் இது மாறவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

35 வயதுக்குள் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். தாண்டியவர்கள் ஆறு மாதத்தில் வர வேண்டும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் தங்காவிட்டால் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் பரிசோதனை அவருக்கு.