நாற்பதுக்கு மேல் வெளிநாட்டில் பிஎச்டி: நீங்கள் கேட்டவை

சென்னையில் பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினேழு வருடம் பாடம் எடுத்துவிட்டு, 2019இல் 42 வயதில் பிஎச்டி செய்ய ஸ்வீடன் போனேன். 2024இல் முடித்துவிட்டு வேளச்சேரிக்கே திரும்பினேன். போகலாமா என்று யோசிப்பவர்கள் அதிகம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், எனக்கு 44. வயதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களா? (குரோம்பேட்டை)

ஸ்வீடனில் பிஎச்டிக்கு வயது வரம்பு கிடையாது. பெரும்பாலான இடங்கள் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும் வேலைகள்தான். கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு. படிப்பு நான்கு வருடம். கூடவே பாடம் எடுத்தால் ஐந்து வரை போகும். ஆனால் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், முதுகலை முடித்து எத்தனை வருடம் ஆகிறது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் வயதுக்காரர்களுக்கு அங்கேதான் கதவு அடைபடும்.

என்னைவிடச் சின்னவர் கைடாக வந்தால் எப்படிப் பழகுவது? (அம்பத்தூர்)

எனக்கு ஆய்வு வழிகாட்டியாக வந்தவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாயே வரவில்லை, பழகவே மாதக்கணக்கானது. அதைவிடப் பெரிய சிக்கல், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது. என் ஆய்வு நிலத்தடி நீர் பற்றியது. அதைக் கணக்கிட அவர் சொன்ன மாடல் என் தரவுக்குப் பொருந்தாது என்று முதல் வாரமே தெரிந்தது. மரியாதை என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. மூன்று மாத உழைப்பு வீணானது. கடைசியில் சொன்னபோது, "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். நாம் பேசாமல் இருந்தால், ஒப்புக்கொண்டதாகத்தான் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், கற்றுக்கொள்வதிலும் வயது பார்க்காதீர்கள். எனக்குப் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து மேசையில் இருந்த 26 வயதுப் பெண். கிணறு கிணறாக அலைந்து அளவெடுத்த அனுபவம் என்னிடம் இருந்தது, அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

கைடோடு ஒத்துப்போகவே முடியவில்லை என்றால்? (பெரம்பூர்)

ஸ்வீடனில் குறைந்தது இரண்டு கைடுகள் இருப்பார்கள். மாற்றிக் கேட்பது மாணவரின் உரிமை, விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் படிப்புத் திட்ட அறிக்கை ஒன்று உண்டு, அதைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். பிரச்சினையை அதில் எழுத்தில் பதியுங்கள்.

அக்கா, பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடுமா? (மடிப்பாக்கம்)

விட்டால் மறந்துவிடும். ஸ்வீடன் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு உண்டு. பொதுவாக அந்த நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்க வேண்டும், ஆசிரியரும் கிடைக்க வேண்டும். இலங்கைத் தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். பள்ளியும் மதிய உணவும் இலவசம்.

வயதான அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? (மயிலாப்பூர்)

இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் பெற்றோர் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தார்கள். தண்ணீர் புகுந்து கரண்ட் போனது. இரண்டு நாள் போன் கிடைக்கவில்லை. அங்கே உட்கார்ந்து நான் அழுதது எனக்குத்தான் தெரியும். மேல் மாடிக்காரர்தான் அவர்களைக் கைப்பிடித்து ஏற்றி வைத்திருந்தார்.

அதனால் சொல்கிறேன்: அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டிலாவது சாவியும் உங்கள் எண்ணும் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு மாத மாத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கிவிடுங்கள். அவசரமாகத் திரும்ப டிக்கெட் பணம் தனியே இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நான் காலை காபி குடிக்கும்போது அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். தினமும் அந்த நேரத்தில்தான் பேசுவேன்.

அந்தக் குளிரைத் தாங்க முடியுமா? (திருவான்மியூர்)

குளிரைத் துணி பார்த்துக்கொள்ளும். இருட்டுதான் கஷ்டம். ஸ்டாக்ஹோமில் டிசம்பரில் மூன்று மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். வேலை இருந்தாலும் மதியம் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

கல்லூரி வேலையை விட்டுவிடட்டுமா, விடுப்பு எடுக்கட்டுமா? (தாம்பரம்)

முதலில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். என் கல்லூரியில் "இடம் உங்களுக்குத்தான்" என்று வாயால் சொன்னார்கள். நான் திரும்பியபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். சரி என்றால் கடிதமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.